அம்மாவின் லைஃப் ஜாக்கெட்

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகப் படகுக் கொட்டகைக்குள் வெயில் காசு காசாக விழுகிறது. பழைய மண்பாண்டத் துண்டுகளைத் துடைத்த அதே மெல்லிய தூரிகையால் தன் பாய்மரப் படகைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார், ஓய்வுபெற்ற தொல்லியல் பேராசிரியர். "இப்படித் தடவிக் குடுத்துட்டிருந்தா பொழுது போயிடும்ப்பா," என்றபடி மகள் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை இழுத்துப் போடுகிறாள். ஒன்று அவருடையது, உப்புப் பூத்து, தோளில் நைந்து வெளுத்திருக்கிறது. மற்றது மஞ்சள் மங்காமல் இருக்கிறது. போன மாதம் இறந்துபோன மனைவிக்கு அவர் என்றோ வாங்கித் தந்தது. ஞாயிறுதோறும் அவள், "நானும் வரட்டுமா?" என்று கேட்பாள். அவர் கிளம்புவதற்குச் சரியாக இருக்கும் காற்று, அவளைக் கூட்டிப்போகச் சரியாக இருக்காது. "அம்மா இதத் தொட்டதுகூட இல்ல. யாருக்காவது குடுத்துடலாம்," என்கிறாள் மகள். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். தேய்மானத்தை வைத்தே ஒரு பொருள் எப்படிப் புழங்கியது என்று சொல்லிவிடுகிற கண்கள் மெதுவாக இறங்குகின்றன. உப்புக் கறை இல்லை. தோளில் ஒரு நைவும் இல்லை. இடுப்புப் பட்டையில் விரல் நின்றுவிடுகிறது. அவளுடைய ஒல்லியான இடுப்பின் அளவில், கொக்கி திரும்பத் திரும்பக் கடித்த இடத்தில் மட்டும், பட்டை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. "போட்டுப் பாத்திருக்கா," என்கிறார். "நெறைய தடவ." வெளியே நிற்கும் படகுகளின் கயிறுகள் பாய்மரங்களில் மோதிச் சத்தமிடுகின்றன. இன்று காற்று யாருக்கும் தோதாகத்தான் இருக்கிறது.