இன்னும் கொஞ்சம் பின்னால்

தங்குவதற்கான புது கேம்பிங் டிரெய்லரை பிக்கப் டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு மொன்டானா ஏரிக்கரை முகாமுக்கு வந்தோம். ரிவர்ஸ் எடுத்தாலே எங்களுக்குள் சண்டைதான். என் மனைவி டார்லா பாட்டுக்கு ‘இடது’ என்பாள். ஸ்டீயரிங்குக்கா, டிரெய்லருக்கா என்று சொல்லித் தொலைக்கமாட்டாள். அதற்காகவே வாங்கிய வாக்கி டாக்கியில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

“மெதுவா வா வெர்ன். ஸ்டீயரிங்க இடது பக்கம் ஒடி. போதும், நில்லு.”

வாக்கி டாக்கியில் முதல்தடவையாக ஒழுங்காகச் சொன்னாள். கச்சிதமாக நிறுத்தினேன்.

டார்லா ஜன்னலருகே வந்தாள். “பரவால்லையே! நான் டாய்லெட் போயிட்டு வர்றதுக்குள்ள தனியாவே உள்ள விட்டுட்ட. என் வாக்கி டாக்கில பேட்டரி போடவே மறந்துட்டியே, மண்டு.”

டயருக்குக் கட்டை வைக்க அவள் டிரெய்லருக்குப் பின்னால் போனாள். நான் இன்னும் இன்ஜினை அணைக்கவில்லை.

என் வாக்கி டாக்கியில் அவள் குரல் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் பின்னால வா.”