சிவந்த குச்சி

"இந்த வீடு எந்த வருஷம் கட்டினது, மேடம்?" என்று கேட்டார் ராய்ஸ். அமெரிக்காவின் டொலீடோ நகரில் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பவர் அவர்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது," என்றாள் வீட்டுக்காரி வாண்டா, பளிச்சென்று.

ராய்ஸ் ஜன்னல் சட்டத்தை உற்றுப் பார்த்தார். "எழுபத்தெட்டுக்கு முன்னாடி கட்டின வீடுன்னா பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு விஷம். அப்போ அறை முழுக்க பிளாஸ்டிக் விரிச்சு, எச்சரிக்கைப் பலகை மாட்டித்தான் பழைய பெயிண்டைச் சுரண்டணும். சட்டம் அப்படி."

"சனிக்கிழமை இந்த ஹால்லதான் எனக்குக் கல்யாணம். எண்பதுன்னா எண்பதுதான்!"

செலவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தார் ராய்ஸ். "பிளாஸ்டிக்குக்குத் தனியா காசு வேண்டாம், மேடம்."

"காசு கிடக்குது, ரெண்டு மடங்கா வாங்கிக்குங்க. வருஷத்தை மட்டும் கிளறாதீங்க!"

ராய்ஸ் சோதனைக் குச்சியை ஜன்னலில் தேய்த்தார். ஈயம் பட்டால் சிவக்கும் அந்தக் குச்சி, தக்காளிப் பழமாய்ச் சிவந்தது.

"ஈயம் இருக்கு, மேடம். இது எண்பதுல கட்டின வீடே இல்ல."

வாண்டாவின் முகம் குச்சியைவிடச் சிவந்தது. சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மில்டன் நிமிர்ந்தார்.

"வாண்டா கண்ணு, நீ பிறந்த வருஷந்தானே உங்கப்பா இந்த வீட்டைக் கட்டினார்னு சொன்னே?"

மில்டன் அவளைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இன்னொரு குச்சி இருந்தா என் தலைமுடியிலயும் தேய்ச்சுப் பாருங்க. நானும் எழுபத்தெட்டுக்கு ரொம்ப முந்தின கட்டடந்தான். கறுப்புப் பெயிண்ட் மட்டுந்தான் புதுசு!"