கொலுவில் ஒரு தெரு

தோசையின் ஓரம் கருகியிருக்கிறதாம். அபூர்வா தட்டை நகர்த்திவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

மகளைத் திட்டிக்கொண்டே, மழை வலுப்பதற்குள் துணிகளை எடுக்க அம்மா மொட்டைமாடிக்குப் போனாள்.

இறங்கி வந்தபோது ஏரித் தண்ணீர் தெருவுக்குள் புகுந்து வீட்டுக் கதவை அழுத்திக்கொண்டிருந்தது.

கதவு திறக்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் நடந்த தெருக்கூட்டத்தில் சங்கச் செயலாளர் கையை விரித்தார். "எல்லாம் கிளைமேட் சேஞ்ச். யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தன் கார் நிற்பதற்காக ஏரிக்கால்வாயின் குறுக்கே அவர் எழுப்பிய சுவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவளும்தான்.

மகளின் துக்க வருஷம் கழிந்ததும் கொலு வைத்தாள். படிகளுக்குக் கீழே, எல்லோரும் பூங்கா வைக்கும் இடத்தில், தெருவை வைத்தாள். ஏரி. கால்வாய். அட்டை வீடுகள். சுவரை மட்டும் சிமெண்டில் கட்டினாள்.

தன் வீட்டுக்குள் ஒரு சின்னப் பெண். சுடாத களிமண்.

வந்தவர்களின் கையில் சொம்பைக் கொடுத்தாள். "மழை பெய்யட்டும். ஊத்துங்கோ."

ஊற்றினார்கள். தண்ணீர் கால்வாயில் ஓடி, சுவரில் முட்டி, திரும்பி, அவள் வீட்டுக்குள் புகுந்தது. பெண் கரைந்தாள்.

சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தினமும் காலையில் இன்னொரு பெண்ணைப் பிசைந்தாள்.

ஆறாம் நாள் செயலாளரின் மனைவி கல்பகம் வந்தாள்.

"அடியம்மா, நம்ம தெருவே உக்காந்திருக்கே! எங்காத்து மாடியைக் காணோம், வாடகைக்கு விட்டுட்டியா?"

"மாடி எதுக்கு மாமி, தண்ணிதான் அங்கே வராதே. ஊத்துங்கோ."

கல்பகம் சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

தண்ணீர் சுவரில் முட்டியபோது சிரிப்பு நின்றது. கை நிற்கவில்லை. பெண்ணின் முகம் போயிற்று. பிறகு தோள்கள்.

அபூர்வாவின் அம்மா பொம்மையைப் பார்க்கவில்லை. கல்பகத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் ஒரு வருஷம் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஒரு பாட்டு பாடுங்கோ மாமி."

அந்தத் தெருவில் எந்தக் கொலுவிலும் முதல் பாட்டு கல்பகத்துடையது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி. கல்பகத்துக்கு அவள் எதிலும் குறை வைக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கல்பகம் தன் வீட்டுக்குள் போகாமல் கேட்டைப் பிடித்தபடி அந்தச் சுவரைப் பார்த்து நின்றாள்.

உள்ளேயிருந்து கணவர் குரல். "காபி போடலையா?"

மறுபடியும் கூப்பிட்டார்.

கல்பகம் திரும்பவில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது.

தெரு இப்போதும் அபூர்வாவின் வீட்டுப் பக்கம்தான் சரிந்திருக்கிறது.