வேலிக்கு உள்ளே

கடப்பாரையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் மாது நின்றுகொண்டிருந்தான்.

கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு உள்ளே இருப்பது மந்திரித்த மண். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். பெறாமல் செத்த குழந்தைகளுக்கு வேலிக்கு வெளியே, ஆவாரம் புதர் ஓரம்.

"சீக்கிரம் சொல்லுங்க சாமி, வெயில் ஏறுது. ரெண்டு பக்கமும் ஒரே மண்ணுதான்" என்றான் மாது, சாமியாரைப் பார்த்து.

அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். அப்படிச் சொல்லலாம்.

குழந்தையின் தகப்பன் அருள்சாமியால் அப்படிச் சொல்ல முடியாது. அவன் கையில் வெள்ளைத் துணி சுற்றிய குழந்தை இருந்தது. நேற்றுப் பிறந்தது. காலையில் அவசரமாக வைத்த பெயர் சவரி.

அறுபத்தேழாம் வருஷத்துச் சித்திரை வெயில். மொரப்பூரில் ரயில் இறங்கி சைக்கிள் மிதித்து வந்த சாமியாருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"தண்ணி ஊத்தும்போது உயிர் இருந்துச்சா, உபதேசியாரே?"

சாமியார் இல்லாத ஊரில், சாகக் கிடக்கும் குழந்தைக்கு உபதேசியாரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். செத்த உடம்பின் மேல் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்.

உபதேசியார் பிலவேந்திரன் காலையில் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. படுத்திருந்த தாய் ராஜமேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் தண்ணீரை ஊற்றினார். வாய் ஜெபத்தைச் சொன்னது.

அப்போதே உயிர் இல்லை என்பது தெரிந்த இன்னொரு ஆள், பிரசவம் பார்த்த அவர் மனைவி மிக்கேலம்மாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ராஜமேரி கேட்டாள். "உள்ள வச்சாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லுக்கா. வெளிய வச்சுட்டா நான் எந்திரிக்கவே மாட்டேன்."

இப்போது மிக்கேலம்மாள் வேலிப்படலைப் பிடித்தபடி கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்துச்சுங்க சாமி" என்றார் பிலவேந்திரன். "கால அசைச்சுது."

சாமியார் தலையசைத்தார். மாது வேலிக்கு உள்ளே போனான். அருள்சாமி குழந்தையை முகத்தோடு அணைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதான்.

பதினாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர் பிலவேந்திரன். இப்படியொரு பொய்க்கு நெஞ்சு நடுங்கும் என்று காத்திருந்தார். நடுங்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். வெயில்தான் இருந்தது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மிக்கேலம்மாள் ஊர்ப்பாதைக்குத் திரும்பவில்லை. ஆவாரம் புதர் ஓரம் போய், தேங்காய் அளவில் கிடந்த ஒரு கல்லின் அருகே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இதையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறொரு சாமியார் இதே இடத்தில் இதே கேள்வியைக் கேட்டார். துணி சுற்றிய குழந்தை அன்று பிலவேந்திரனின் கையில் இருந்தது. உள்ளே வைக்கச் சொல்லி மிக்கேலம்மாள் படுக்கையிலிருந்து சொல்லியனுப்பியிருந்தாள்.

அவர் உண்மையைச் சொன்னார்.

அன்று, மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியிருந்தார்.