தலை எண்ணிக்கை

பன்னிரண்டு பேர். விரிவுரையாளர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டேதான்.

பன்னிரண்டில் ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவோம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வகுப்பு போனால் அவரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

'அறிதல் அறிவியல்: கணித அடிப்படைகள்' என்று பலகையில் எழுதியதுமே முன்வரிசையில் இரண்டு முகங்கள் தொங்கிப்போயின. மனம் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆசையாக வந்த பிள்ளைகள். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடிவந்தால், வாசலிலேயே கணக்கு கையைப் பிடிக்கிறது.

இப்படியே விட்டால் நாளைக்கு ஆறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு வேடிக்கை காட்டினார்.

ஆளுக்கொரு சீட்டு. 'சுண்டு' என்று வந்தவர்கள் ஒரு காசை ஐம்பது முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதவேண்டும். 'புளுகு' என்று வந்தவர்கள் காசைத் தொடாமலே, சுண்டியதுபோல ஐம்பது எழுதவேண்டும்.

எது சுண்டியது, எது புளுகு என்று தாளைப் பார்த்தே சொல்கிறேன் என்றுவிட்டு, அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே மேசைமேல் காசு விழும் சத்தம். நடுநடுவே சிரிப்பு. சிரிக்கிறவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

திரும்பி வந்து தாள்களைப் புரட்டினார். இது சுண்டியது, இது புளுகு, இதுவும் புளுகு. பதினோரு தாள்களை மளமளவென்று பிரித்தார். பதினொன்றும் சரி. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"காசுக்கு ஞாபகம் கிடையாது, நமக்கு இருக்கு," என்றார் அவர். "மூணு தலை வந்ததும் போதும், ஒரு பூ போடுன்னு மனசு சொல்லும். காசு அது பாட்டுக்கு அஞ்சு, ஆறுன்னு போகும். மனசு ரகசியமாப் போடற அந்தக் கணக்கைத்தான் இந்த வருஷம் நாம எழுதிப் பார்க்கப் போறோம்."

தொங்கிய முகங்கள் நிமிர்ந்தன.

பன்னிரண்டாவது தாளில் ஒரே மூச்சில் ஏழு தலை. "சந்தேகமே இல்ல, சுண்டியது," என்றார்.

"இல்ல சார், புளுகு."

கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட பெண். வகுப்பே சிரித்தது. அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு, எப்படி என்று கேட்டார்.

"நாலு தலை எழுதுனதும் கை தானா பூவுக்குப் போச்சு. இதைத்தான் சார் தேடுவார்னு தோணுச்சு. கையைப் பிடிச்சு நிறுத்திட்டு இன்னும் மூணு தலை எழுதுனேன்."

தன் மனம் போகும் போக்கையும் பார்த்து, எதிராளியின் மனம் எதைத் தேடும் என்றும் கணித்திருக்கிறாள். இந்த இடத்துக்கு வர அவர் பத்து வாரம் ஒதுக்கிவைத்திருந்தார்.

வகுப்பு கலைந்ததும் வருகைப் பதிவேட்டோடு அவளிடம் போனார். அதில் பதினோரு பெயர்தான் இருந்தது. தாமதமாகச் சேர்ந்தவள்போல.

"பேரைச் சொல்லும்மா."

அவள் மடியிலிருந்த கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்தாள். மேலே அலுவலக முத்திரை.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதித்தர, அலுவலகம் அனுப்பியவள் அவள்தான்.

"நீங்க பாட்டுக்குச் சீட்டை நீட்டிட்டீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல."

அப்படியென்றால் பிள்ளைகள் பதினோரு பேர்தான். அவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் ஒரு பாடம் எடுத்துப் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். இதுவரை யாரும் எடுத்ததில்லையாம். சொல்லிக்கொண்டே பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த பன்னிரண்டாவது வரியில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"பத்தாவதோட கணக்குக்கு முழுக்குப் போட்டவ நான். பரவாயில்லையா சார்?" என்றாள், எழுதி முடித்த பிறகு.