சுத்து வழி

"நேரடி விமானம் இருக்கு சார். பதினொரு மணி நேரத்துல உங்க பையன் ஊர்ல இறங்கிடலாம்" என்றாள் டிக்கெட் போடும் பெண்.

"வேண்டாம்மா. நடுவுல ஒரு ஊர்ல மாறிப் போற மாதிரி பாரு" என்றார் மரக்கடைக்காரர். ஊர் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினார்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என் கால் இருக்கிற இருப்புக்கு ஏறி ஏறி இறங்கணுமா?"

"நீ சும்மா இரு."

டிக்கெட் பெண்ணுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க சார். நேரா போனா ஒன்பதாயிரம் கிலோமீட்டர். நீங்க சொல்ற வழியில இன்னும் மூவாயிரம் கூட. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை."

"தொட்டுட்டுப் போறேன்."

"விலையும் இதுலதான் அதிகம்."

"பரவாயில்ல."

கஞ்சத்தனமும் இல்லை. பின்னே என்ன வீம்பு இது?

"சரி, இதைப் போடவா? அங்க ரெண்டு மணி நேரம்தான் காத்திருக்கணும்."

"அங்க எப்ப இறங்கும்?"

"விடியக்காலையில."

"சரிப்படாது. அடுத்தது?"

"அது மத்தியானம் இறங்குது. ஆனா அதுக்கப்புறம் ஒன்பது மணி நேரம் தேவுடு காக்கணுமே சார்."

"அதையே போடு" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மனைவியின் செல்போன் அடித்தது. மகன்தான். உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று, காலைச் சாய்த்துச் சாய்த்து வெளியே போனாள்.

டிக்கெட் பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். அம்மாவைப் பாத்தா பாவமா இருக்கு. எதுக்கு இப்படி அலைய விடறீங்க?"

அவர் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"அந்த ஏர்போர்ட்டுக்குள்ள, விமானம் மாறுறவங்க உட்கார்ற இடத்துல ஒரு மருந்துக்கடை இருக்கும்மா. என் பொண்ணு அங்கதான் வேலை பாக்கறா. அவளுக்கு மத்தியான ஷிஃப்ட்."

"அட, இதை அம்மாகிட்ட சொன்னா அவங்களே சந்தோஷமா..."

"சொன்னா கிளம்பவே மாட்டா. பொண்ணு தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கோபத்துல ஒரு சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டா. ஆறு வருஷமாச்சு. இப்ப பேத்தி போட்டோவை எனக்குத் தெரியாம எடுத்து எடுத்துப் பாக்கறா. மனசு இறங்கிடுச்சு. வாய்தான் இறங்க மாட்டேங்குது."

"அங்க பொண்ணைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிட்டுப் போயிட்டாங்கன்னா?"

"எங்க போவா? ஒன்பது மணி நேரத்துக்கு விமானம் கிடையாதே."

டிக்கெட் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சற்று யோசித்துக் கேட்டாள்.

"இருந்தாலும், சத்தியம் பண்ணியிருக்காங்களே சார்?"

"செத்தாலும் அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதானேம்மா பண்ணினா? ஏர்போர்ட் என்ன அவ வீடா?"