புத்தம் புதுத் துப்பாக்கி

கீரி தன் பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் தடவிப் பளபளவென்று ஆக்கி முயலிடம் நீட்டியது. "புத்தம் புதுசு தங்கச்சி! இனிமே நரி உன் வளைப் பக்கம் தலைவச்சுப் படுக்காது!"

துப்பாக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்! என் குழாயில விரிசல். சுட்டா உன் மூஞ்சிதான் போகும்!"

"கிழட்டுத் துப்பாக்கி, ஏதோ உளறுது," என்றது கீரி.

"பார்த்தியா! புத்தம் புதுசு அதுக்குள்ள எப்படிக் கிழடாச்சு?"

முயலுக்கு எதை நம்புவதென்றே தெரியவில்லை. நரிப் பயம் வேறு. "எதுக்கும் ஒரு தடவை சுட்டுப் பார்த்துடறேன் அண்ணே," என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், கீரியைக் காணோம். தூரத்துப் பாறைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, வாலையும் உள்ள இழுத்துக்கோங்க!" என்று கத்தியது துப்பாக்கி.

முயல் அதைப் பூப்போலக் கீழே வைத்தது.